பவேரியாவும் அதன் பழமை பேணுங் கட்சியும்

ஒரு தேசத்தின் ஒரேயொரு மாநிலத்திலே மாத்திரம் தேர்தலுக்கு நிற்கின்ற கட்சி, அத்தேசத்தின் தலைநகரிலே மொத்தமாக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மந்திரிப் பதவிகளை வகித்து, ஆட்சிகளை ஆக்கியும் அசைத்தும் வருவது உலக அரசியலில் அரியதொரு காட்சி. ஜேர்மனியின் தென்கிழக்கிலே, அல்ப்ஸ் மலைச்சாரலை அடுத்துள்ள பவேரியா மாநிலத்தின் கிறிஸ்தவ சமூக ஒன்றியம் அத்தகைய கட்சி. ஏனைய பதினைந்து மாநிலங்களிலும் அதன் உடன்பிறப்பாகிய கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம் வேட்பாளரை நிறுத்தும், பவேரியாவில் நிறுத்தாது. கிறிஸ்தவ சமூக ஒன்றியம் பவேரியாவில் நிறுத்தும். எல்லைக்கு அப்பால் ஒருவரையும் நிறுத்தாது. பாராளுமன்றத்திலோ இரண்டும் ஒரே குழுவாக அமரும். 2025 மே மாதத்தில் பிரெடெரிக் மேர்ஸ் தலைமையில் அமைந்த மத்திய அரசாங்கத்திலும் உள்நாட்டு அமைச்சு உட்பட மூன்று அமைச்சுக்கள் இக்கட்சிக்குக் கிடைத்தன. பவேரியாவின் முதலமைச்சர் பதவியோ 1957ஆம் ஆண்டு முதல் இக்கட்சியினரின் கையை விட்டு நீங்கியதேயில்லை.

இதனைப் பழமை பேணுங் கட்சி என்பர். 'பேணுதல்' என்னுஞ் சொல்லை நாம் எளிதாகக் கையாண்டு விடுகின்றோம். பயிரைப் பேணுகின்றோம், பிள்ளையைப் பேணுகின்றோம், விருந்தினரைப் பேணுகின்றோம். இவற்றுள் எதுவும் ஒரு பொருளை இருந்தபடியே இருத்துதல் அன்று. பயிர் பேணுபவன் களை பறிக்கின்றான். பழுத்த இலையைக் களைகின்றான். மழை பொய்த்தால் துலா மிதிக்கின்றான். பெட்டியிலே வைத்துப் பூட்டுதல் காத்தலாகலாம், பேணுதல் ஆகாது. ஆதலால் பழமை பேணுவதாகச் சொல்லும் எந்தக் கட்சியையும் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். அது பேணியது எதனை? அதன் பொருட்டு விட்டுக்கொடுத்தது எதனை? அதற்கான விலையைச் செலுத்தியவர் யார்? பவேரியக் கட்சியின் வரலாற்றை இக்கேள்விகளோடு நோக்கும்போது எனக்குப் புலனாவது இது: தன் மாநிலத்தின் சுயாதிகாரத்தையும் நிறுவனங்களையும் பேணுவதிலே கருத்தூன்றிய காலங்களில் அக்கட்சி வளர்ந்தது, அவற்றைத் தலைநகர் மல்யுத்தத்துக்கு முதலீடாக்கிய காலங்களில் தேய்ந்தது.

முதலிலே 1949ஆம் ஆண்டை நோக்குவோம். போரிலே தோற்று அந்நியப் படைகளின் ஆட்சிக்குட்பட்டிருந்த மேற்கு ஜேர்மனியை ஒரு குடியரசாக்குவதற்கான அடிப்படைச் சட்டம் அவ்வாண்டு மே மாதத்தில் மாநிலச் சட்டசபைகளின் முன் வைக்கப்பட்டது. மற்றைய சபைகளெல்லாம் அதனை ஏற்றன. பவேரியச் சட்டசபை மாத்திரம், இரவு முழுவதும் விவாதித்து, மே 20ஆம் நாள் அதனை நிராகரித்தது. எதிராக 101 வாக்குகளும் ஆதரவாக 63 வாக்குகளும் விழுந்தன. ஒன்பதின்மர் வாக்களியாது ஒதுங்கினர். நிராகரிப்பை முன்னின்று நடத்தியது முதலமைச்சர் ஹான்ஸ் ஏகார்ட் தலைமையிலான இக்கட்சியே. மாநிலங்களின் அதிகாரம், விசேடமாக நிதியதிகாரம், போதாது என்பது அவர்களின் முறைப்பாடு. ஆயினும் அதே அமர்விலே இன்னொரு தீர்மானமும் நிறைவேறிற்று. மூன்றிலிரண்டு பங்கு மாநிலங்கள் ஏற்குமாயின் அச்சட்டம் பவேரியாவையும் கட்டுப்படுத்தும் என்பதே அது. சட்டத்தின் வாசகத்தை மறுத்தனர். சட்டத்தால் அமையும் குடியரசை ஏற்றனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலமே பின்னர் அக்கட்சியின் வாழ்விடமாயிற்று.

சமஷ்டி என்னுஞ் சொல்லே பிரிவினையாகக் காதில் விழும் நாட்டிலே வாழும் நமக்கு இச்சம்பவம் ஊன்றிப் படிக்கத்தக்கது. சமஷ்டி கோருதல் பிரிவினை கோருதல் ஆகாது என்று நமது உயர் நீதிமன்றமே 2017ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பவேரியரின் வரலாறோ அதற்கு ஒருபடி மேலே செல்கின்றது. அரசியலமைப்பையே நிராகரித்த மாநிலம் அந்த அரசியலமைப்பின் கீழ் ஏழு தசாப்தங்களுக்கு மேல் வாழ்ந்து, நாட்டின் செல்வத்துக்கும் ஆட்சிக்கும் தூண்களுள் ஒன்றாய் நிற்கின்றது.

இக்கட்சி பிறக்கும்போதே பேருருவோடு பிறந்ததென்று கருதுதல் தவறு. 1945ஆம் ஆண்டில் இதனைத் தொடக்கியவர்கள் இரு வகையினர். கத்தோலிக்கப் பாரம்பரியத்தையும் பவேரியத் தனித்தன்மையையும் முதன்மையாகக் கொண்டோர் ஒரு சாரார். கத்தோலிக்கரையும் புரட்டஸ்தாந்தரையும் ஒரே கட்சியிலே சேர்த்து அகில ஜேர்மன் அரசியலிலே கலந்துகொள்ள விரும்பியோர் மறுசாரார். முதல் தலைவராகிய யோசேப் மியூலர் இரண்டாவது வகையினர். வடக்கே பிராங்கோனியாவின் புரட்டஸ்தாந்தக் கிராமங்களும் தெற்கே பழம் பவேரியாவின் கத்தோலிக்கக் கிராமங்களும் ஒரே கொடியின்கீழ் நிற்பதென்பது அக்காலத்திலே சிறிய விடயமன்று. கட்சிப் பெயரிலுள்ள 'ஒன்றியம்' என்னுஞ் சொல் இந்த இணைப்பையே குறிக்கும். உட்பூசல் கட்சியை வாட்டிற்று. 1946இல் நூற்றுக்கு 52.3 வீதமாக இருந்த வாக்கு 1950இல் 27.4 வீதமாக வீழ்ந்தது. தனித்தன்மையை இன்னும் உரத்துப் பேசிய 'பவேரியக் கட்சி' என்னும் வேறொரு கட்சி 17.9 வீதத்தை அள்ளிக்கொண்டது. 1954இலோ இக்கட்சி பெருங்கட்சியாக வந்தும், ஏனைய நான்கு கட்சிகளும் கூடி வில்லெல்ம் ஹோகனர் என்னும் சமூக ஜனநாயகவாதியை முதலமைச்சராக்கின. அந்நான்கு கட்சிகளையும் இணைத்த கயிறு கல்விக் கொள்கை. ஆசிரியர் பயிற்சி சமயவாரியாக இருத்தல் வேண்டும் என்று இக்கட்சி பிடித்த பிடியே அதனை எதிர்க்கட்சி வாங்கிலே இருத்தியது. மூன்றாண்டுகள் வெளியிலே இருந்த காலத்தில் கிராமந்தோறும் கிளைகள் அமைத்து, 1957இல் ஹான்ஸ் சைடல் தலைமையிலே மீண்டும் ஆட்சிக்கு வந்தது.

அது பேணியவற்றுள்ளே மிகச் சிறந்ததென நான் கருதுவது அகதிகள் விடயம். போரின் முடிவிலே கிழக்கு நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மானியர் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் பவேரியாவிலே வந்து குவிந்தனர். வேறு பேச்சுவழக்கு, வேறு உணவு, பல ஊர்களிலே வேறு சமயப் பிரிவு. உள்ளூரார் அவர்களை முகஞ்சுளித்து நோக்கிய நாள்களும் இருந்தன. ஆயினும் பழம் பவேரியர், பிராங்கோனியர், சுவாபியர் என்னும் மூன்று குலத்தாரோடு, சுடேற்றன்லாந்திலிருந்து வந்தோரை 'நான்காவது குலம்' என்று 1954இல் பவேரிய அரசாங்கம் தன் ஆதரவிலே ஏற்றுக்கொண்டது. பழமையைப் பேணும் மாநிலம் தன் பழமையின் கணக்கையே மூன்றிலிருந்து நான்காகத் திருத்தி எழுதிற்று. பின்னாளில் 2015ஆம் ஆண்டில் வேற்று நாட்டு அகதிகள் வந்தபோது இதே கட்சி நடந்துகொண்ட விதத்தை இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும்.

பொருளாதாரத்திலும் அப்படியே. போருக்குப் பின்னர் பவேரியா வயலும் பசுவும் நிறைந்த ஏழை மாநிலம். ஜேர்மனியில் வசதியுள்ள மாநிலங்கள் வசதியற்றவற்றுக்குப் பகிர்ந்தளிக்கும் நிதிச் சமன்பாட்டு முறை ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டு வரையில் பவேரியா அதில் வாங்குங் கையாகவே இருந்தது. அக்காலத்திலே அரசாங்கம் பழைய உழவு வாழ்க்கையைப் புகழ்ந்துகொண்டிருந்ததேயன்றி, அதனை அப்படியே வைத்திருக்கவில்லை. பொருளாதார மந்திரி ஒற்றோ ஷெட்ல் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து மலைகளைக் கடந்து எண்ணெய்க் குழாய்களைக் கொணர்வித்தார். திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து இங்கொல்ஸ்ராட் நகருக்கு வரும் குழாய் 1967இல் திறக்கப்பட்டது. நிலக்கரி இல்லாத மாநிலத்துக்குத் தொழிற்சாலை வந்தது. மூனிச் நகரின் அயலிலுள்ள கார்ஹிங்கிலே ஆராய்ச்சி அணுவுலை 1957இலேயே எழுந்தது. இன்று பவேரியா கொடுக்குங் கைகளுள் முதற்கை: 2023இல் அது செலுத்திய தொகை 900 கோடி யூரோவுக்கு மேல்; எல்லா மாநிலங்களும் சேர்ந்து கொடுத்ததில் சரிபாதியளவு.

வாங்கிய நாளிலே அம்முறையை நீதியென்றவர்கள் கொடுக்கும் நாளிலே அநீதியென்கின்றனர். 2013இல் ஹெசென் மாநிலத்தோடு கூடி அரசியலமைப்பு நீதிமன்றத்திலே வழக்கிட்டனர். முறை திருத்தப்பட்டபின் அதனை மீளப்பெற்றனர். 2023இல் மறுபடியும் வழக்கிட்டனர். ஒரு மாநிலம் பாதிச் சுமையைத் தாங்குவது மிகையே என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிறர் நீர் பாய்ச்சிய வயலிலே விளைந்தது இந்த விளைச்சல் என்பதனையும் அதே மூச்சிலே சொல்லுதல் பேணுவோர்க்கு அழகு.

இக்கட்சியின் பெயரோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்தவர் பிரான்ஸ் யோசேப் ஸ்ட்ராவுஸ். 1961 முதல் 1988இல் இறக்கும்வரை அவரே தலைவர். மத்தியிலே பாதுகாப்பு மந்திரியாக இருந்து, 'ஸ்பீகல்' சஞ்சிகை விவகாரத்தினால் 1962இல் பதவியிழந்தார். பின்னர் நிதி மந்திரியானார். 1978 முதல் பவேரியாவின் முதலமைச்சரானார். அவர் காலத்திலே, 1974இல், கட்சி நூற்றுக்கு 62.1 வீத வாக்குப் பெற்றது. அதுவே அதன் உச்சம். தமது கட்சிக்கு வலப்புறத்தில் மக்களாட்சி நெறிப்பட்ட கட்சி ஒன்றும் தோன்ற இடமளித்தலாகாது என்பது அவர் வகுத்த விதி.

அவர் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு கட்சியின் இயல்பை விளக்குவன. 1976 நவம்பரில், வில்ட்பாட் குரொய்த் என்னும் மலைவாசத்திலே கூடி, பாராளுமன்றத்திலே உடன்பிறப்புக் கட்சியோடு இனி ஒரே குழுவாக இருப்பதில்லை என்று தீர்மானித்தனர். ஹெல்முட் கோல் உடனே, அங்ஙனமாயின் தமது கட்சி பவேரியாவினுள்ளே நுழையும் என்றார். ஏறத்தாழ மூன்று கிழமைகளில் தீர்மானம் கைவிடப்பட்டது. தேசம் முழுவதும் பரவ விரும்பினால் சொந்த வீட்டைப் பங்கிட நேரும். சொந்த வீடு முழுவதும் வேண்டுமாயின் தேசத்தைப் பிறருக்கு விடுதல் வேண்டும். மற்றையது 1983இல் நிகழ்ந்தது. கிழக்கு ஜேர்மனியின் பொதுவுடைமை அரசை வாழ்நாளெல்லாம் கண்டித்த ஸ்ட்ராவுஸ், அவ்வரசுக்கு நூறு கோடி மார்க் கடன் கிடைக்கத் தாமே தரகராயினார். வெகுண்ட உறுப்பினர் சிலர் வெளியேறிக் குடியரசுக் கட்சி என்னும் புதிய வலதுசாரிக் கட்சியைத் தோற்றுவித்தனர். வலப்புறத்திலே இடமில்லை என்று விதித்தவரின் செயலே வலப்புறத்திலே இடமுண்டாக்கிற்று.

பிரதம மந்திரிப் பதவிக்கு இக்கட்சியிலிருந்து இருவர் போட்டியிட்டனர். 1980இல் ஸ்ட்ராவுஸ் தோற்றார். 2002இல் எட்மண்ட் ஸ்டொய்பர் தலைமையிலே இரு உடன்பிறப்புக் கட்சிகளும் பெற்றது 38.5 வீதம், எதிராளிகளும் 38.5 வீதம், இடைவெளி ஆறாயிரம் வாக்குகளளவே. பவேரியாவிலே மக்களை ஈர்த்த குரலும் பாணியும் வடக்கே மக்களை அச்சுறுத்தின போலும். ஊர்த் திருவிழாவின் மேளம் அயலூராருக்கு இரைச்சலாகப்படுவதும் உண்டு.

இனிச் சமயமும் பள்ளிக்கூடமும். ஜேர்மனியிலே கல்வி மாநிலங்களின் அதிகாரம். ஆகையால் கட்சியின் கொள்கையை உள்ளபடி காண விரும்புவோர் பள்ளிக்கூடத்துக்கே செல்லுதல் வேண்டும். தொடக்கப் பள்ளிகள் கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்தம் என்று சமயப் பிரிவுவாரியாக இருத்தலை இக்கட்சி நெடுங்காலம் காத்தது. 1968இலே எதிர்க்கட்சிகளோடு இணங்கி, மக்கள் வாக்கெடுப்பின் வழியாக அரசியலமைப்பைத் திருத்தி, அவற்றைக் கிறிஸ்தவப் பொதுப் பள்ளிகளாக்கியது. 1954இல் எந்தக் கொள்கைக்காக ஆட்சியை இழந்ததோ, அதன் பெரும்பகுதியைப் பதினான்கு ஆண்டுகளின் பின் தானே கைவிட்டது. கிராமப் பள்ளிகள் சிறுத்து, சிறுவர்கள் கலந்து வாழத் தொடங்கிய காலத்தில் அது தக்க செயலே.

வகுப்பறைச் சிலுவை விடயத்திலே வேறுவிதமாக நடந்தது. அரசப் பள்ளிகளின் வகுப்பறைகளில் சிலுவையைக் கட்டாயமாகத் தொங்கவிடும் பவேரிய விதி செல்லாதென 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலம் உடனே புதுச் சட்டம் இயற்றியது: சிலுவை இருக்கும், பெற்றோர் தக்க காரணத்தோடு மறுப்புத் தெரிவித்தால் அவ்விடத்தே இணக்கம் காணப்படும். இதனை ஒரு நடுவழி எனலாம். 2018இலோ, தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கையில், புதிய முதலமைச்சர் மார்க்குஸ் சோடர் அரச அலுவலகங்களின் வாயில்கள்தோறும் சிலுவை மாட்டப்பட வேண்டுமென்று கட்டளையிட்டார். சமயச் சின்னம் என்பதினும் பவேரியப் பண்பாட்டின் அடையாளம் என்று அதற்கு விளக்கமும் கூறப்பட்டது. மூனிச் நகரின் கர்தினாலாகிய ரைன்ஹார்ட் மார்க்ஸ் என்பவரே இதனைக் கண்டித்தார். 2023இல் நீதிமன்றம் கட்டளையைச் சட்டத்துக்கு மாறானதன்று என்றது. சட்டம் ஒருபுறமிருக்க, வழிபடுவோரின் சின்னத்தை வாயிற்காவலுக்கு நிறுத்தினால் வழிபடுவோரே வருந்துவர் என்பதைக் கர்தினாலின் சொல் காட்டிற்று.

ஆசிரியத் தொழிலிலே காலங்கழித்தவனாகையால் பின்வரும் இரண்டு விடயங்கள் என் மனத்தைத் தைக்கின்றன. முதலாவது, ஒன்பது ஆண்டுகளாக நடந்துவந்த உயர்தரப் பள்ளிக் கல்வியை எட்டு ஆண்டுகளாக ஸ்டொய்பர் அரசாங்கம் சுருக்கியது. 2003 தேர்தலிலே மூன்றிலிரண்டு பங்கு ஆசனங்களை வென்ற கையோடு இது அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது. பாடநூலும் பாடத்திட்டமும் ஆயத்தமாகுமுன் பிள்ளைகள் ஆயத்தமாக வேண்டியிருந்தது. பிற்பகல் வகுப்புக்களும் பெற்றோரின் முறைப்பாடும் பெருகின. இறுதியில் 2017இல் தீர்மானித்து, 2018 முதல் ஒன்பது ஆண்டு முறைக்கே மீண்டனர். பழமை பேணுங் கட்சி நல்லதொரு பழமையைத் தானே உடைத்துத் தானே ஒட்டவைத்தது. அந்த இடைக்காலத்திலே அவசரமாக வளர்க்கப்பட்ட பிள்ளைகளின் ஓராண்டை யார் திருப்பிக் கொடுப்பார்?

இரண்டாவது மொழி பற்றியது. நமது 'ஆசிரியர்' என்னுஞ் சொல் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே அடக்கும். ஜேர்மன் மொழியிலே ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம். இரண்டையும், இரண்டிலும் அடங்காதோரையும் சேர்த்துக் குறிப்பதற்காகச் சொல்லின் நடுவே உடுக்குறியோ முக்காற்புள்ளியோ இடும் வழக்கம் அண்மையிலே பரவிற்று. 2024 ஏப்பிரல் முதல் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அக்குறிகளைப் பவேரிய அரசாங்கம் தடைசெய்தது. அலுவலகக் கடிதம் எவ்வாறு எழுதப்படுதல் வேண்டுமென்று விதிக்க அரசாங்கத்துக்கு உரிமையுண்டு. அக்குறிகள் எனக்கும் உவப்பானவையல்ல. ஆனால் ஒரு வடிவம் மொழியிலே நிலைக்குமா, உதிருமா என்பதனை வழங்குவோர் நாவும் காலமும் தீர்ப்பனவேயன்றி மந்திரிசபை தீர்ப்பதன்று. வலிந்து புகுத்துதலும் வலிந்து விலக்குதலும் மொழியறிந்தாரின் செயலாகா.

மாநில அதிகாரத்தின் காவலன் எனத் தன்னைச் சொல்லும் கட்சி தலைநகரிலே அதனை மறந்த கதையும் உண்டு. குழந்தையைப் பொதுக் காப்பகத்துக்கு அனுப்பாது வீட்டிலே வளர்க்கும் பெற்றோருக்கு மாதாந்தப் படி கொடுக்கும் சட்டத்தை, கூட்டாளிகளுட் பலர் தயங்கியும், இக்கட்சி வற்புறுத்தி நிறைவேற்றிற்று. 2013இலே நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தை 2015இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இரத்துச் செய்தது. காரணம், அத்தகைய சட்டமியற்றும் அதிகாரம் மத்திக்கு இல்லை, மாநிலங்களுக்கே உண்டு என்பது! வழக்குத் தொடுத்தது வடக்கேயுள்ள ஹம்பர்க் மாநிலம். பவேரியா பின்னர்த் தன் மாநில நிதியிலிருந்து அப்படியை வழங்கிற்று. தொடக்கத்திலேயே செய்திருக்கக்கூடியதும் தன் கொள்கைக்கு ஏற்றதும் அதுவே. வேற்று நாட்டார் மாத்திரம் மெய்யாகச் சுமக்கும்படி வகுத்த மோட்டார் வாகன வீதிவரியும் இத்தகையதே. ஆஸ்திரியா முறையிட, 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. வரி ஒரு நாளும் அறவிடப்படாமலே, ஒப்பந்தக்காரருக்கு 24 கோடியே 30 இலட்சம் யூரோ நட்டஈடாக ஜேர்மன் திறைசேரியிலிருந்து போயிற்று.

வீழ்ச்சியின் படிகளை எண்ணினால் இது தெளிவாகும். 2003இல் 60.7 வீதம், 2008இல் 43.4 வீதம். அவ்விடைக்காலத்திலே மாநில வங்கி ஆஸ்திரிய வங்கியொன்றை வாங்கிப் பெருநட்டமடைந்தது. 2008 இறுதியில் மாநிலம் ஆயிரங்கோடி யூரோ கொடுத்து அதனைத் தாங்க நேர்ந்தது. 2013இலே ஹோர்ஸ்ட் சீஹோபர் தலைமையில் 47.7 வீதமாக எழுந்தது. பின்னர் 2015 முதல் அங்கெலா மேர்க்கல் அம்மையாரின் அகதிக் கொள்கையை அவரது மந்திரிசபையிலே இருந்துகொண்டே எதிர்த்தது. ஆண்டுக்கு இரண்டு இலட்சம் என்னும் உச்சவரம்பைக் கோரிற்று. 2018 கோடையிலே, வேறு நாட்டிற் பதியப்பட்ட அகதிகளை எல்லையிலே திருப்பியனுப்பும் பிரச்சினையில் அரசாங்கத்தையே விளிம்புக்குக் கொண்டு சென்றது. வருவோரின் தொகையைப் பற்றி ஒரு மாநிலம் கவலைப்படுதல் குற்றமன்று. தங்குமிடமும் பள்ளியும் கொடுக்க வேண்டியது மாநிலமும் ஊராட்சிகளுமே. பவேரியக் கிராமங்களிலே எண்ணற்ற தொண்டர்கள் அப்பணியைச் செய்துகொண்டும் இருந்தனர். தலைவர்களின் பேச்சோ அப்பணியைப் போற்றுவதிலும் பிரதம மந்திரியோடு பொருதுவதிலே கூடியது. அவ்வாண்டுத் தேர்தலில் கட்சி 37.2 வீதத்துக்கு வீழ்ந்தது. வாக்குகள் இருபுறமும் சிதறின: கடுமை போதாதென்று வலப்புறம் போனோரும், கடுமை மிகையென்று பசுமைக் கட்சிக்குப் போனோரும் உளர்.

செவிகொடுத்த இடத்திலே நன்மை விளைந்ததற்கும் சான்று உண்டு. தேனீக்களையும் உயிர்வகைகளையும் காக்குமாறு 2019 தொடக்கத்திலே மக்கள் தாமே ஒரு சட்டவரைவைக் கொணர்ந்தனர். நூற்றுக்குப் பத்து வீத வாக்காளர் கையொப்பமிட்டாற் போதும், 18.3 வீதத்தினர், அதாவது பதினேழு இலட்சத்துக்கு மேற்பட்டோர், நகரசபைகளிலே வரிசையில் நின்று கையொப்பமிட்டனர். உழவர் சங்கத்தின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது சோடர் அரசாங்கம் அவ்வரைவை முழுவதாக ஏற்றுச் சட்டமாக்கிற்று. இதற்கு மாறானது காற்றாலை விடயம். ஆலையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குள் வீடிருத்தலாகாது என்று 2014இல் விதித்தமையால் புதிய ஆலைகள் ஏறத்தாழ நின்றுபோயின. 2022இலே, எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபின், விதியைத் தளர்த்தினர். 2011இலே அணுவுலைகளை விரைந்து மூடவேண்டும் என்று நின்ற மாநிலச் சுற்றாடல் மந்திரியும், 2023இலே கடைசிப் பவேரிய உலை மூடப்பட்டபோது அதனை எதிர்த்த முதலமைச்சரும் ஒருவரே. நிலைமை மாறக் கருத்து மாறுதல் இயல்பு. ஆனால் ஓர் உலையோ மின்கம்பியோ நாற்பதாண்டு நிற்பது. தேர்தலோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது.

நெடுங்காலம் ஆண்டதன் நோயும் கட்சியைப் பற்றிற்று. கட்சியும் மாநிலமும் ஒன்றென்னும் எண்ணம் அதிகாரிகளுக்கும் தொழிலதிபர்களுக்கும், கட்சியினருக்குமே, ஊறிப்போயிற்று. தொழிலதிபரான நண்பரின் செலவிலே உல்லாசப் பயணம் போனமைக்காக முதலமைச்சர் மாக்ஸ் ஸ்ட்ரைபில் 1993இல் பதவி துறந்தார். 2013இலே சட்டசபை உறுப்பினர் பலர் தம் உறவினரைப் பொதுப்பணத்தில் வேலைக்கு வைத்திருந்தமை வெளிவந்தது. எதிர்க்கட்சியாக இருந்த அந்த மூன்று ஆண்டுகள் கட்சிக்குச் செய்த நன்மையைப் பின்வந்த அறுபது ஆண்டு வெற்றிகள் செய்யவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

இன்றைய நிலை யாது? 2023 மாநிலத் தேர்தலில் 37.0 வீதம். 'சுதந்திர வாக்காளர்' என்னும் ஊராட்சிவழி வந்த கட்சி 15.8 வீதம் பெற்றுப் பங்காளியாக ஆட்சியில் உள்ளது. 'ஜேர்மனிக்கான மாற்று' என்னும் தீவிர வலதுசாரிக் கட்சி 2025 பாராளுமன்றத் தேர்தலிலே பவேரியாவில் 19 வீதம் பெற்றது. ஸ்ட்ராவுஸ் வகுத்த விதி இனி இல்லை. அதே தேர்தலில் கிறிஸ்தவ சமூக ஒன்றியம் பவேரியாவின் 47 தொகுதிகளிலும் முதலிடம் பெற்றது. ஆயினும் தேசக் கணக்கிலே அதன் பங்கு 6.0 வீதம் மாத்திரமே.

இந்த எண்ணிலே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. நாடளாவிய வாக்கில் ஐந்து வீதம் பெறாத கட்சிக்குப் பாராளுமன்றத்தில் இடமில்லை. மூன்று தொகுதிகளையேனும் வென்ற கட்சிக்கு விலக்கு உண்டு. முன்னைய அரசாங்கம் 2023இல் இயற்றிய தேர்தற் சட்டம் அவ்விலக்கை நீக்கிற்று. 2021இல் 46 தொகுதிகளுள் 45ஐ வென்றபோதும் கட்சியின் தேசப் பங்கு 5.2 வீதமாகவே இருந்தது. இன்னுஞ் சிறிது குறைந்திருந்தால், ஒரு மாநிலத்தின் தொகுதிகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் வென்ற கட்சி ஓராசனமுமின்றி வெளியே நின்றிருக்கும். 2024 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் விலக்கை மீட்டுக்கொடுத்தது. 1949இலே எந்த அடிப்படைச் சட்டத்தை இக்கட்சி மறுத்ததோ, அச்சட்டத்தின் காவலராகிய நீதிபதிகளே இக்கட்சியின் உயிரைக் காத்தனர். சிறுபான்மையான ஒரு மாநிலத்தின் குரலைப் பெரும்பான்மைக் கணக்கு ஒருநாள் அழித்துவிடலாம் என்று 1949இல் அவர்கள் அஞ்சியது வீணன்று. அவ்வச்சத்துக்கு மருந்து அச்சட்டத்தினுள்ளேயே இருந்தது என்பதும் மெய்.

அடுத்த மாநிலத் தேர்தல் 2028இல் வரும். வலப்புறத்துக் கட்சியின் குரலைத் தானும் எடுத்துப் பாடினால் இழந்தோர் திரும்புவர் என்று கருதுவோர் கட்சியினுள்ளே உளர். 2018இன் அனுபவம் அதற்கு மாறாகச் சாட்சி சொல்கின்றது. பள்ளிக்கூடத்தையும் ஊராட்சியையும் வயலையும் தொழிற்சாலையையும் ஒருங்கே நோக்கி, வந்தேறியவரை நான்காவது குலமாக எண்ணிய அந்தப் பழைய மனப்பான்மையும் அக்கட்சியின் சொத்தே. எந்தப் பழமையைப் பேணப்போகின்றனர் என்பதனை மூனிச்சிலே இருந்து அவர்களே தேர்ந்துகொள்ளல் வேண்டும்.